நெட்புக்: அளவு சாப்பாடு போட்டு பெரிய ஹோட்டல்கள ஆட்டிவச்ச குட்டி லேப்டாப்

இப்ப காலேஜ் படிக்கிற பசங்ககிட்ட நெட்புக்னு சொன்னா நோட்புக்க தப்பா சொல்றேன்னு நெனைக்கிறாங்க. இல்லப்பா, அப்படி ஒரு சாமான் நெஜமாவே இருந்துச்சு, 2007 கடைசில வந்து 2012 முடியறப்ப கடைய சாத்திட்டு போயிடுச்சு, மொத்தமே அஞ்சு வருஷ வாழ்க்கைதான், ஆனா அந்த அஞ்சு வருஷத்துல மைக்ரோசாஃப்ட், இன்டெல், சோனி, டெல்னு அத்தன பேர் வயித்துலயும் புளியக் கரைச்சுட்டு போச்சு.

முதல்ல அது என்னன்னு பாத்துருவோம். ஸ்க்ரீன் 7 இன்ச்ல இருந்து 10 இன்ச் வரைக்கும், எடை ஒரு கிலோ சுமாருக்கு, சிடி டிரைவ் கிடையாது, ப்ராசஸர் மெதுவானது, ராம் 512 எம்பி இல்லன்னா 1 ஜிபி, விலை 300ல இருந்து 400 டாலர். நெட்ல மேயலாம், மெயில் பாக்கலாம், நாலு பக்கம் டைப் அடிக்கலாம், அவ்வளவுதான். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குல்ல? மெஷின மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும், இதுல விஷயமே விலைலதான் இருக்கு, அதனால கொஞ்சம் பின்னாடி போய் வரணும்.

நெட்புக்குக்கு முன்னாடியும் குட்டி லேப்டாப் இருந்துச்சு. ஜப்பான்ல தோஷிபா 1996லயே லிப்ரெட்டோன்னு கைல அடங்குற சைஸ்ல ஒண்ணு விட்டாங்க. ஆனா அப்பெல்லாம் சட்டம் என்னன்னா, சின்னதா வேணும்னா பணம் ஜாஸ்தி குடுக்கணும். பாகத்த எல்லாம் சுருக்கி உள்ள அடைக்கிறது கஷ்டமான வேலை, அத வாங்குறவங்களும் ஃப்ளைட்ல பறக்குற மேனேஜருங்க, அவங்க விலைய பாக்க மாட்டாங்க. 2008 ஜனவரில ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கவர்ல இருந்து மேக்புக் ஏர உருவி காட்டினாரே, அது 1799 டாலர். ஒல்லியா இருக்கறதுக்கு குடுக்குற காசு அது.

இன்னொரு சட்டமும் இருந்துச்சு, அதுதான் இந்த தொழிலோட மூலதனமே. வருஷா வருஷம் சிப்பு வேகமாகும், ராம் ஏறும், ஹார்ட் டிஸ்க் பெருசாகும், ஆனா நீங்க குடுக்குற விலை கிட்டத்தட்ட அதேதான். மூணு வருஷம் முன்னாடி 1000 டாலருக்கு வாங்கினவர் பழசு மெதுவாயிடுச்சுன்னு திரும்ப வந்தா அதே 1000 டாலருக்கு டபுள் மடங்கு பவர் கைல குடுத்து அனுப்புவாங்க, அவரும் சந்தோஷமா போவாரு, வீட்டுக்கு போய் அதே மெயில்தான் பாப்பாரு. "பழைய பவரே எனக்கு போதும், வெலைய பாதியாக்கு"ன்னு கேக்குறவனுக்கு புதுசா குடுக்க கடைல சரக்கே கிடையாது. போதாக்குறைக்கு 2007 ஜனவரில விண்டோஸ் விஸ்டா வந்துச்சு, சாதாரண மெஷின்ல அத ஓட்டுனா மாட்டு வண்டில டிராக்டர் ஏத்துன மாதிரி முனகும். சாஃப்ட்வேர் கனமாகும், அதுக்கு புது மெஷின் வாங்கணும், புது மெஷின் வந்தா சாஃப்ட்வேர் இன்னும் கனமாகும். மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் இருபது வருஷமா ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை போட்டுட்டு வந்த பாதை இதுதான்.

இந்த பாதைல மொத கல்ல போட்டது ஒரு வாத்தியார். அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப் நடத்தின நிக்கோலஸ் நெக்ரோபாண்டே, 2005 ஜனவரில டாவோஸ்ல நடந்த உலக பொருளாதார மாநாட்டுல போய் ஏழை நாட்டு பசங்களுக்கு 100 டாலர்ல லேப்டாப் தரப்போறேன்னார். ஆளுக்கொரு லேப்டாப் திட்டம், இங்கிலீஷ்ல சுருக்கமா ஓஎல்பிசி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க நிறைய பேர் சிரிச்சாங்க. நம்ம மத்திய அரசு 2006லயே எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிடுச்சு. கடைசில 2007 நவம்பர்ல தைவான்ல இருக்கற குவாண்டா கம்பெனி தயாரிக்க ஆரம்பிச்சப்ப ஒரு மெஷினுக்கு 188 டாலர் கிட்ட ஆச்சு, 100 டாலர் கனவு நடக்கல, நினைச்ச அளவு விக்கவும் இல்ல. ஆனா ஒரு காரியம் நடந்துடுச்சு. மேரி லூ ஜெப்சன்னு ஒரு அம்மா, வெயில்லயும் படிக்க முடியுற, கரண்ட் கம்மியா இழுக்குற ஸ்க்ரீன அதுக்காகவே வடிவமைச்சாங்க. ஹார்ட் டிஸ்க்குக்கு பதில் 1 ஜிபி ஃப்ளாஷ் மெமரி, விண்டோஸுக்கு பதில் காசில்லாம கெடைக்கிற லினக்ஸ். எத எத எடுத்துட்டா லேப்டாப் இன்னும் லேப்டாப்பாவே இருக்கும்ங்கற கேள்விய மொத தடவ ஒழுங்கா கேட்டது அவங்கதான்னு நான் சொல்லுவேன். இன்டெல்லும் சும்மா இல்லாம போட்டியா கிளாஸ்மேட்னு ஒண்ண இறக்குனாங்க.

இத எல்லாம் ஓரமா நின்னு பாத்துட்டு இருந்தது தைவான்காரங்க. உலகத்துல விக்கிற லேப்டாப்ல பெரும்பாலானத அந்த ஊர் கம்பெனிங்கதான் செஞ்சு குடுத்துச்சு, மேல ஒட்டுற ஸ்டிக்கர் மட்டும் அமெரிக்கா ஜப்பான் பேரு. எந்த ஸ்க்ரூ எத்தன காசுன்னு அவங்களுக்கு அத்துப்படி. அதுல அசூஸ் மதர்போர்டுக்கு பேர் போன கம்பெனி, சொந்த பேர்லயும் விப்பாங்க, அடுத்தவங்களுக்கும் செஞ்சு குடுப்பாங்க. 2007 ஜூன்ல தைபேல நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சில அவங்க தலைவர் ஜானி ஷிஹ் மேடை ஏறி ஈ பிசின்னு ஒண்ண காட்டினார், விலை 199 டாலர்ல ஆரம்பிக்கும்னார். அக்டோபர்ல கடைக்கு வந்தப்ப 199லாம் இல்ல, அமெரிக்காவுல எல்லாரும் வாங்கின 4 ஜிபி மாடல் 399 டாலர். 7 இன்ச் ஸ்க்ரீன், 800க்கு 480 பிக்சல், 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் ப்ராசஸர் அதையும் 630க்கு இறக்கி ஓட்டுனாங்க, 512 எம்பி ராம், 4 ஜிபி ஃப்ளாஷ், 920 கிராம், உள்ள சாண்ட்ரோஸ் லினக்ஸ். ஸ்க்ரீனுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவுல குட்டியா படம், பாக்க பொம்மை மாதிரி. அந்த வருஷம் முடியறதுக்குள்ள 3 லட்சத்துக்கு மேல வித்துச்சு, அடுத்த வருஷம் 50 லட்சத்த தொட்டுச்சு.

இதுல வேடிக்கை, அந்த பசங்களுக்கான மெஷின பெரியவங்கதான் வாங்குனாங்க. வீட்ல ஏற்கனவே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கும், இது சோபால உக்காந்துட்டு மேயறதுக்கு, ரயில்ல எடுத்துட்டு போறதுக்கு. அதுவும் சரியான நேரத்துல வந்துச்சு. 2007ல ஜிமெயில் இருக்கு, யூடியூப் இருக்கு, கூகுள் டாக்ஸ் இருக்கு, வைஃபை பரவிடுச்சு, பாதி வேலை பிரவுசருக்குள்ளயே முடியுது, அப்ப எதுக்கு பெரிய ப்ராசஸர்? 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ்ங்கற அமெரிக்க பேங்க் கவுந்து உலகமே கைல காசில்லாம நின்னப்ப 400 டாலர் லேப்டாப்புக்கு விளம்பரமே தேவைப்படல.

சரி, இதுல பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம், அவங்களும் செஞ்சு விக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. இத ஹோட்டல வச்சு யோசிங்க. முழு சாப்பாடு 100 ரூவான்னு ஓடுற ஹோட்டல், எதிர்ல ஒருத்தர் 35 ரூவாய்க்கு அளவு சாப்பாடு போடுறாரு. நீங்களும் போட்டீங்கன்னா வெளிய நிக்கிற புது ஆளுங்க வருவாங்க, நல்லதுதான், ஆனா ஏற்கனவே உள்ள உக்காந்து 100 ரூவா குடுத்துட்டு இருந்தவர்ல பாதி பேர் "எனக்கும் அதே போதும்"னு எந்திரிச்சு அந்த டேபிளுக்கு போயிடுவாங்க. இலை அதேதான், சர்வர் சம்பளம் அதேதான், டேபிள் தொடைக்கிற நேரமும் அதேதான், வர்ற காசு மட்டும் மூணுல ஒரு பங்கு. லேப்டாப்லயும் சும்மா கணக்குக்கு 10 சதவீதம் லாபம்னு வச்சுக்குவோம், 1000 டாலர் மெஷின்ல 100 நிக்கும், 350 டாலர் மெஷின்ல 35தான் நிக்கும், ஒண்ணுக்கு பதிலா மூணு வித்தாதான் பழைய லாபம், ஆனா டப்பா, கப்பல் வாடகை, வாரண்டி, "சார் ஆன் ஆகல"ன்னு வர்ற போனு, எல்லாமே மூணு மடங்கு. இத தொழில்ல இருக்கறவங்க தன் சரக்க தானே திங்கறதுன்னு சொல்லுவாங்க. செய்யலன்னா எதிர்கடைக்காரன் தின்னுடுவான், செஞ்சா நாமளே தின்னுக்கணும், அந்த மாதிரி ஒரு இக்கட்டு.

2008 பிப்ரவரிலயே சோனி அதிகாரி ஒருத்தர் இத வெளிப்படையா சொன்னாரு, அசூஸோட அந்த குட்டி மெஷின் ஓடிடுச்சுன்னா நாம எல்லாரும் மாட்டினோம், விலைல அதள பாதாளத்துக்கு ஓட்டப்பந்தயம்தான்ங்கற மாதிரி. சோனி 2009 ஜனவரில வயோ பின்னு ஒண்ணு விட்டாங்க, கவர்ல வைக்கிற சைஸ், ஆனா 900 டாலர், இது நெட்புக் இல்லன்னு வேற அழுத்தி அழுத்தி சொன்னாங்க. அதே வருஷம் பாதில பாத்தா 500 டாலருக்கு வயோ டபிள்யூன்னு அவங்களே நெட்புக் விக்கிறாங்க. ஹெச்பி, டெல், எம்எஸ்ஐ, லெனோவா, சாம்சங்னு எல்லாரும் 2008க்குள்ளயே வரிசைல வந்து நின்னாச்சு. நம்ம ஊர்லயும் எச்சிஎல் 2008 ஆரம்பத்துல மைலீப்னு 14 ஆயிரத்துக்குள்ள ஒண்ணு விட்டாங்க.

இன்டெல் இதுல கொஞ்சம் சாமர்த்தியமா நடந்துக்கிட்டாங்க. 2008ல ஆட்டம்னு ஒரு புது சிப்பு கொண்டுவந்தாங்க. அணுன்னு அர்த்தம், ஆனா தமிழ்ல படிச்சா இன்னும் பொருத்தமா இருக்கு, ஆடத்தானே போறாங்க. நெட்புக்ல எல்லாம் வந்த என்270 மாடல் 1.6 கிகாஹெர்ட்ஸ், இழுக்குற கரண்ட் 2.5 வாட். சிப்பு செய்யறது எப்படின்னா, வட்டமா ஒரு சிலிக்கான் தகடு, அதுல வரிசையா சிப்பு பதிச்சு கடைசில வில்லை போட்டு எடுப்பாங்க, மைசூர்பாகு மாதிரி. தகடுக்கு ஆகுற செலவு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒரு தகடுல எத்தன வில்லை விழுதுங்கறதுலதான் காசு. அப்ப லேப்டாப்ல வந்த கோர் 2 டுவோ சிப்பு ஒரு வில்லை 100 சதுர மில்லிமீட்டருக்கு மேல, ஆட்டம் வெறும் 25 சொச்சம். ஒண்ணு விழற எடத்துல நாலு விழும். அதனால சிப்பு விலை கம்மியானாலும் இன்டெல்லுக்கு கை கடிக்கல. (ஒரு கிண்டல் என்னன்னா, பக்கத்துல வச்ச துணை சிப்பு பழைய 945 வகை, அது ப்ராசஸர விட ஜாஸ்தி கரண்ட் குடிக்கும். சின்ன பசுவுக்கு பெரிய கன்னுக்குட்டி.) நெட்புக்ங்கற பேர பரப்புனதும் இன்டெல்தான், அந்த பேர் 1999லயே எங்களுதுன்னு பிரிட்டன்ல சயான்னு ஒரு கம்பெனி கிளம்பி சண்டைக்கு வந்து 2009ல சமாதானம் ஆனது தனிக்கதை.

மைக்ரோசாஃப்ட்தான் வசமா மாட்டுனது. விஸ்டா இந்த மெஷின்ல ஓடாது. விஸ்டாவுக்கு முந்தின விண்டோஸ் எக்ஸ்பிய 2008 ஜூன் 30ஓட நிறுத்தப்போறோம்னு ஏற்கனவே சொல்லியாச்சு. அப்ப என்ன ஆகும், கடைல விக்கிற லேப்டாப்பெல்லாம் லினக்ஸோட போகும், ஜனங்க விண்டோஸ் இல்லாமலும் வாழலாம்னு கண்டுபிடிச்சுடுவாங்க. பதறிப்போய் ஏப்ரல்லயே எக்ஸ்பிக்கு ஆயுச நீட்டுனாங்க, ஆனா நெட்புக் மாதிரி மலிவு மெஷினுக்கு மட்டும். விலையையும் இறக்குனாங்க, விஸ்டாவுக்கு 50, 60 டாலர் வாங்குன எடத்துல நெட்புக் எக்ஸ்பிக்கு தள்ளுபடி எல்லாம் போக 15 டாலருக்கும் கம்மிதான் நின்னுச்சுன்னு அப்ப பத்திரிகைல கணக்கு வந்துச்சு.

இங்கதான் ஹோட்டல் கதை முழுசா பொருந்துது. அளவு சாப்பாடு போட்டே ஆகணும், ஆனா முழு சாப்பாட்டுக்காரர் இந்தப்பக்கம் வரக்கூடாது, என்ன பண்ணலாம்? சாம்பார் ரெண்டாந்தடவ கேக்கக்கூடாது, பாயசம் கிடையாது, அப்பளம் பாதின்னு போர்டு மாட்டணும். மைக்ரோசாஃப்ட் அப்படியே மாட்டுனாங்க. மலிவு எக்ஸ்பி வேணும்னா ராம் 1 ஜிபிக்கு மேல போடக்கூடாது, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு வரம்பு, ஸ்க்ரீன் சைஸுக்கு ஒரு வரம்பு. அந்த வரம்பெல்லாம் இடையில கொஞ்சம் தளர்ந்துச்சு, ஆனா வேலி வேலிதான். அசூஸோட ஈ பிசி 900 வந்தப்ப லினக்ஸ் மாடல்ல 20 ஜிபி, விண்டோஸ் மாடல்ல 12 ஜிபிதான். அதனாலதான் 2008ல இருந்து 2010 வரைக்கும் எந்த கம்பெனி நெட்புக்க எடுத்தாலும் ஒரே தாய் வயித்து பிள்ளைங்க மாதிரி இருந்துச்சு, அதே ஆட்டம், அதே 1 ஜிபி, அதே 10 இன்ச் 1024க்கு 600. போட்டி போட எடமே இல்ல, கலர்ல மட்டும் போட்டி போட்டாங்க.

லினக்ஸ் ஏன் இத பயன்படுத்திக்கலன்னு நம்ம லினக்ஸ் பசங்க இன்னைக்கும் பொலம்புவாங்க, நானும் பொலம்புனவன்தான். நேர்மையா சொன்னா கம்பெனிங்க அத அரைகுறையா போட்டு குடுத்தாங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு லினக்ஸ், வாங்கிட்டு போனவர் விண்டோஸ்னு நெனச்சு திறந்து பாத்துட்டு பிரிண்டர் வேலை செய்யலன்னு திருப்பிக் குடுத்தாரு. லினக்ஸ் நெட்புக் திரும்பி வர்றது எக்ஸ்பி நெட்புக்க விட நாலு மடங்குன்னு எம்எஸ்ஐ 2008லயே சொன்னாங்க. 2009 பிப்ரவரில அமெரிக்காவுல வித்த நெட்புக்ல 96 சதவீதம் விண்டோஸ்னு ஆயிடுச்சு.

ஆனா ஜெயிச்சும் மைக்ரோசாஃப்டுக்கு சந்தோஷமில்ல. 2009 ஜனவரில கணக்கு சொன்னப்ப விண்டோஸ் பிரிவோட வருமானம் 8 சதவீதம் இறங்கியிருந்துச்சு, காரணம்னு அவங்களே எழுதுனதுல நெட்புக் பேரும் இருந்துச்சு. அன்னைக்கே 5000 பேர வேலைய விட்டு எடுக்கப்போறோம்னும் அறிவிச்சாங்க, அதுக்கு மந்தநிலைதான் முக்கிய காரணம், நெட்புக் மேல மொத்த பழியும் போட முடியாது. அந்தப்பக்கம் ஏசர் பாருங்க, ஆஸ்பயர் ஒன்ங்கற நெட்புக்க வச்சு அசூஸையே தாண்டி, 2009 மூணாவது காலாண்டுல டெல்ல இறக்கிட்டு உலகத்துல ரெண்டாவது பெரிய பிசி கம்பெனி ஆயிட்டாங்க. ஒரு 400 டாலர் சாமான் வரிசையவே மாத்திடுச்சு.

எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு, எந்த கம்பெனின்னு வேணாம். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. தூக்கிட்டு போக சொகம், பஸ்ல மடில வச்சு டைப் அடிக்கலாம், கீபோர்டு மட்டும் என் கட்டை விரலுக்கு ஒரே நேரத்துல மூணு கீய அமுக்கும். பெரிய கொடுமை என்னன்னா ஸ்க்ரீன் உயரம் பத்தாது, எதாவது செட்டிங்ஸ் திறந்தா அந்த டப்பாவோட அடிப்பாகம் ஸ்க்ரீனுக்கு கீழ போய் ஒளிஞ்சுக்கும், ஓகே பட்டன் கண்ணுக்கே தெரியாது, டேப் கீய எண்ணி எண்ணி தட்டி குருட்டாம்போக்குல என்டர் அடிக்கணும். எத்தனயோ தடவ கேன்சல அமுக்கியிருக்கேன். மலிவுக்காக எத வெட்டுனாலும் அது யாரோ ஒருத்தர் தலைல வந்து விடியும், இதுல சாஃப்ட்வேர் எழுதுன எவரும் 600 பிக்சல் உயரத்த மனசுல வச்சு எழுதலங்கறதுதான் விஷயம்.

அப்புறம் ஏன் செத்துச்சு? ஐபேட் கொன்னுடுச்சுன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. பாதி உண்மை. 2010 ஜனவரி 27ஆம் தேதி ஜாப்ஸ் ஐபேட காட்டுறதுக்கு முன்னாடி நெட்புக்க எடுத்து வச்சு, இது எதுலயுமே சிறப்பா இல்ல, வெறும் மலிவு லேப்டாப்னு ஒரு போடு போட்டாரு. ஆரம்ப விலை 499 டாலர். சோபால சாஞ்சு மேயற வேலை முழுக்க அங்க போயிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே நெட்புக் நின்ன எடத்துலயே நின்னுட்டு இருந்துச்சுங்கறது என் கட்சி. 2009 அக்டோபர்ல விண்டோஸ் 7 வந்தப்பவும் நெட்புக்குக்குன்னு ஸ்டார்ட்டர்னு ஒரு பதிப்பு, அதுல டெஸ்க்டாப் படத்தக்கூட மாத்த முடியாது. ஒரே நேரத்துல மூணு அப்ளிகேஷனுக்கு மேல திறக்க விடக்கூடாதுன்னு முதல்ல யோசிச்சாங்க, ஜனங்க திட்டுன திட்டுல அத மட்டும் எடுத்துட்டாங்க. காசு குடுத்து வாங்குன மெஷின்ல வால்பேப்பர் மாத்த விடமாட்டேங்கறது என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கும் புரியல. இன்டெல்லும் ஆட்டத்த வேகமா வளர்க்கல, வளர்த்தா கோர் சிப்பு விக்காதே.

அதுக்குள்ள சாதாரண 15 இன்ச் லேப்டாப்பே 400 டாலருக்கு இறங்கிடுச்சு. அதுதான் நெட்புக் பண்ண பெரிய வேலை, ஆனா அதுவே அதோட சாவுக்கும் காரணம். அளவு சாப்பாட்டு விலைக்கே முழு சாப்பாடு கெடச்சா அரை அப்பளத்துக்கு யார் வருவா? டெல் 2011 கடைசில நிறுத்துனாங்க. ஏசர் பாவம், டேப்லெட் அலைல சரக்கு தேங்கி 2011 மார்ச்ல தலைமை அதிகாரி ஜியான்ஃபிராங்கோ லான்சியே ராஜினாமா பண்ணிட்டாரு. அசூஸும் ஏசரும் 2012ஓட மொத்தமா தலைமுழுகிட்டாங்க. நடுவுல 2011ல இன்டெல் அல்ட்ராபுக்னு ஒரு பேர கெளப்பி, அதுக்குன்னு 30 கோடி டாலர் நிதி ஒதுக்கி, ஒல்லியா இருந்தா 1000 டாலர்ங்கற பழைய சட்டத்த திரும்பக் கொண்டுவர பாத்தாங்க.

நம்ம ஊர்ல பல பேர் 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப்பையும் நெட்புக்னு குழப்பிக்கிறாங்க. அது சாதாரண சைஸ் லேப்டாப், தமிழ்நாடு அரசோட எல்காட் நிறுவனம் லட்சக்கணக்குல மொத்தமா டெண்டர் விட்டு வாங்கினது. அதுல விலை குறைஞ்சது மொத்தமா வாங்குனதால, நெட்புக்ல விலை குறைஞ்சது மெஷின வெட்டுனதால.

நெட்புக்கோட உண்மையான வாரிசுன்னா அது குரோம்புக்தான். 2011 ஜூன்ல சாம்சங்கும் ஏசரும் மொத குரோம்புக்க வித்தாங்க, 2012 அக்டோபர்ல சாம்சங் ஒண்ணு 249 டாலருக்கு வந்துச்சு, அதுல இன்டெல்லும் இல்ல விண்டோஸும் இல்ல, போன்ல வர்ற ஆர்ம் வகை சிப்பு, கூகுளோட சிஸ்டம். போர்டு மாட்ட ஆளில்லாத அளவு சாப்பாட்டுக் கடை. அமெரிக்க ஸ்கூல்ல எல்லாம் அதுதான் புகுந்து நிக்குது, நெக்ரோபாண்டே பசங்க கைல குடுக்கணும்னு கெளம்பின எடத்துக்கே சுத்தி வந்து சேந்திருக்கு, வழி மட்டும் வேற.

என்னோடது பரண்மேல கெடக்கு. பேட்டரி செத்து பல வருஷமாச்சு, சார்ஜர் குத்தினா மட்டும் உயிர் வரும். இத எழுதறதுக்காக நேத்து இறக்கி ஆன் பண்ணேன், மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டு வந்துச்சு, தேதி தப்பா காட்டுதேன்னு மாத்தலாம்னு செட்டிங்ஸ திறந்தா ஓகே பட்டன் இன்னும் ஸ்க்ரீனுக்கு கீழதான் இருக்கு.